கையெழுத்து என்னுடையதல்ல

கடையின் கூரை ஒழுகினால் வாடகைக்கு இருப்பவரே சரிசெய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. கூரை ஒழுகியது; அங்கே வாடகைக்கு இருந்த தையற்காரர் அசைந்து கொடுக்கவில்லை. கட்டட உரிமையாளர் வழக்குப் போட்டார்.

தையற்காரர் கூண்டிலேறிக் கூசாமல் சத்தியம் செய்தார். "இது என் கையெழுத்தே இல்லைங்க."

உரிமையாளர் ஒரு சாட்சியைக்கூடக் கொண்டுவரவில்லை. ஒப்பந்தம் நிரூபிக்கப்படவில்லை என்று வழக்கு தள்ளுபடியானது.

வாசலில் உரிமையாளர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்ன சார், தோத்துட்டுப் பல்லைக் காட்டுறீங்க?"

"பத்து வருஷத்துக்கு உங்களைக் காலி பண்ணச் சொல்லக் கூடாதுன்னும் அதே ஒப்பந்தத்துலதான் இருந்துச்சு, மாஸ்டர். அடுத்த மாசம் கடையைக் காலி பண்ணிடுங்க."

தையற்காரர் ஓடிப்போய்த் தன் வக்கீலின் அங்கியைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அது என் கையெழுத்துதான். நிரூபிக்க வழி இருக்கா?"

"தாராளமா நிரூபிக்கலாம். பொய்ச் சத்தியம் பண்ணதுக்கு உள்ள போடுவாங்க. அங்க யாரும் உங்களைக் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க."