காணாமல் போன புள்ளி

"என்னக்கா, சாரோட கப்பல் இன்னைக்கே கரைக்கு வந்துடும் போலிருக்கே?"

வாசலில் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டே எதிர் வீட்டு டீச்சர் கேட்டாள். கப்பல் எஞ்சினியரின் மனைவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். கட்டிய மனைவிக்கே தெரியாத சேதி இவளுக்கு எப்படித் தெரியும்?

இது முதல் தடவையும் இல்லை. போன மாதம் புயலுக்குப் பயந்து கப்பல் ஒதுங்கி நின்றதையும் இவள்தான் முதலில் சொன்னாள். நடுக்கடலில் போன் எடுக்காது, துறைமுகத்துக்கு வந்தால்தான் பேச முடியும் என்பது அவர் எப்போதும் பாடும் பாட்டு.

சாயங்காலம் அவர் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டார். டீச்சர் சொன்னது அப்படியே பலித்துவிட்டது! போனை வைத்த கையோடு போய் எதிர் வீட்டு மணியை அடித்தாள்.

"நேராவே கேக்கறேன் டீச்சர். எங்க வீட்டுக்காரர் எங்க இருக்காருன்னு உனக்கு யார் சொல்றா?"

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள். செல்போனில் ஒரு கடல் வரைபடத்தைத் திறந்து காட்டினாள். நீலத்தின் மேல் எறும்பு மொய்த்தது போலப் பச்சைப் புள்ளிகள்.

"உலகத்துல ஓடற கப்பல் முக்கால்வாசி இதுல தெரியும்க்கா. யார் வேணா பார்க்கலாம், காசுகூடக் கிடையாது. ஜியாகிரபி கிளாஸுக்காக வச்சிருக்கேன். ஆனா கப்பல் மட்டும்தான் தெரியும், உள்ள இருக்கற மனுஷன் என்ன பண்றாருன்னு தெரியாது!"

எஞ்சினியரின் மனைவி அசடு வழிந்தாள். இந்தப் பெண்ணைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது. தன் போனிலும் அதை ஏற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

அப்புறம் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. கண்கொத்திப் பாம்பாகப் புள்ளியைப் பார்த்து, கப்பல் நகர நகரப் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அடுத்த துறைமுகத்திலிருந்து அவர் கூப்பிட்டுக் கத்தினார்.

"அறிவிருக்கா உனக்கு? நீ பார்க்கற அதே படத்தைத்தான் கொள்ளைக்காரனும் பார்க்கறான்! இனிமே போற கடல் ஆபத்தானது. எப்படிப் போறோம், எப்பத் தாண்டுவோம்னு பொண்டாட்டிகிட்டகூட மூச்சு விடக் கூடாதுன்னு கேப்டன் உத்தரவு."

உத்தரவு என்றால் உத்தரவு. போட்ட படங்களை எல்லாம் அழித்தாள். பார்ப்பதை மட்டும் விடவில்லை.

ஒரு நாள் மத்தியானம், நடுக்கடலில் புள்ளி பட்டென்று மறைந்தது. மற்ற கப்பல்கள் எல்லாம் இருக்க, அவருடையது மட்டும் இல்லை. கம்பெனிக்குப் போன் போட்டால், "இப்ப எதுவும் சொல்றதுக்கில்லம்மா" என்று வைத்துவிட்டார்கள்.

அடுப்பைக்கூட அணைக்காமல் எதிர் வீட்டுக்கு ஓடினாள்.

"டீச்சர், கப்பலைக் காணோம்! கொள்ளைக்காரங்க பிடிச்சுட்டாங்களோ, மூழ்கிடுச்சோ..." தேம்பித் தேம்பி அழுதாள்.

டீச்சர் அவளைத் தோளோடு அணைத்து உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அழாதீங்கக்கா. யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னு அவங்களேதான் சிக்னலை அணைச்சு வச்சிருக்காங்க, நாளைக்குத் தாண்டிடுவாங்க... அவருக்குப் பல்வலிகூட இன்னைக்குப் பரவாயில்லையாம்."