முதல் வரி

"ஒத்திகைன்னா சொன்னீங்க?" என்றார் எங்கள் குடிநீர் நிலையத்து லேப் அம்மா.

டயாலிசிஸ் சென்டருக்குப் பேசிவிட்டுப் போனை வைத்து அரை நிமிடம்கூட ஆகவில்லை. குரல் நடுங்காமல் பேசி முடித்தோமே என்று அப்போதுதான் மூச்சு விட்டிருந்தேன்.

சொல்லித்தான் இருக்கிறேன். 'வணக்கம், இது ஒத்திகை. தண்ணில குளோரின் ஜாஸ்தி, உங்க தொட்டி வால்வை உடனே மூடுங்க.' மாதா மாதம் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போனது. சுவரில் ஒட்டியிருக்கும் அவசரத் திட்டத் தாளிலும் முதல் வரி அதுதான், சிவப்பு மையில். நிஜமாகவே நடந்தால் எப்படித் தொடங்குவது என்று எந்தப் புண்ணியவானும் எழுதி வைக்கவில்லை.

இது நிஜம். குளோரின் கலக்கும் மெஷின் காலையில் நிற்காமல் ஓடியிருக்கிறது. லேப் அம்மா நீட்டிய சோதனைக் குழாயின் நிறத்தைப் பார்த்ததுமே எழுந்து ஓடினேன்.

மெயின் வால்வை மூடிவிட்டேன். ஆனால் ஏற்கெனவே குழாயில் இறங்கிய தண்ணீர் சரிவில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பதினைந்து நிமிடத்தில் டயாலிசிஸ் சென்டரை எட்டிவிடும். ஸ்கூட்டரில் பறந்தாலும் எனக்கு இருபத்தைந்து ஆகும்.

அங்கே நாலு பேர் மெஷினோடு படுத்திருக்கிறார்கள். இரண்டாவது கட்டிலில் என் தங்கை புருஷன். இந்தத் தண்ணீர் மெஷினுக்குள் போனால் ரத்தம் உடம்புக்குள்ளேயே சிதையும் என்று பயிற்சியில் சொன்னார்கள்.

மறுபடி அடித்தேன். பிசி.

பிசியாகத்தானே இருக்கும். தகவல் வந்ததும் பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகம், பேக்கரி மூன்றுக்கும் சென்டர் சிஸ்டர் சொல்ல வேண்டும் என்பது திட்டம். நான் உளறியதை ஒவ்வொருவருக்கும் நிதானமாக ஒப்பித்துக்கொண்டிருப்பார். ஒரு மனுஷி இவ்வளவு பொறுப்பாக இருந்து தொலைக்க வேண்டுமா?

பிசி.

புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கைக்கு அடித்தேன். அணைத்து வைத்திருக்கிறாள். சென்டருக்குள் செல்போன் கூடாது.

லேப் அம்மா கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஏழு நிமிடம் போயிருந்தது.

பிசி.

ஐந்தாவது தடவை மணி அடித்தது. சிஸ்டரே எடுத்தார்.

ஒத்திகை இல்லை, நிஜம், வாய் தவறிச் சொல்லிவிட்டேன், கெஞ்சிக் கேட்கிறேன், வால்வை மூடுங்கள் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

சிஸ்டர் லேசாகச் சிரித்தார்.

"போன வருஷ ஒத்திகையிலயும் ஆபீசர் பக்கத்துல நிக்கறார்னு, 'நிஜம்'னு சொல்லி இப்படித்தானே சார் அழுதீங்க? அன்னிக்கு வீணா நாலு பேரை மெஷின்லேர்ந்து இறக்கினோம்."

போனை வைத்துவிட்டார்.