பன்னிரண்டாம் அத்தியாயத்துப் பூநாரை

"அந்தப் பூநாரையைத் தூக்கிடலாம், ஐயா."

சொன்னவள் பதிப்பகத்தின் எடிட்டர். எதிரே உட்கார்ந்திருந்தவர் நாவலாசிரியர். வீட்டில் அவளுக்குச் சித்தப்பா, அலுவலகப் படியேறினால் ஐயா. இந்த ஏற்பாட்டைப் போட்டவரே அவர்தான். கோபம் வந்தால் முதலில் மறப்பவரும் அவர்தான்.

"தூக்கறதா? எதுக்கு?"

"அத்தியாயம் முழுக்க அது பாட்டுக்குத் தண்ணியில நிக்குது. கதை நகரவே மாட்டேங்குது. நாளைக்கு அச்சுக்குப் போகணும்."

அவர் தேநீர்க் கோப்பையை வைத்த வேகத்தில் பாதித் தேநீர் அச்சுப்படியின் மேல் ஓடியது.

"பறவை போனா புத்தகமும் போச்சு. எழுதின தாள் கட்டைத் திருப்பிக் குடு, வேற பதிப்பகம் பார்த்துக்கறேன்."

மூன்று வருடம் எழுதி, ஐந்து முறை அடித்துத் திருத்திய நாவல். ஆனாலும் சொன்னால் செய்துவிடுகிற மனுஷர். அது தெரிந்தும் அவள் விடவில்லை.

"சரி, தூக்க வேணாம். கொக்குன்னு மாத்திடலாமா? எல்லாருக்கும் தெரிஞ்ச பறவை."

"கொக்கா!" சித்தப்பா எழுந்தே விட்டார். "ஏம்மா, கொக்கு என்னைக்கும் வெள்ளை. பூநாரை அப்படியா? குஞ்சா இருக்கறப்ப சாம்பல் நிறம். அப்புறம் சேத்துல தலையை விட்டுப் பொறுக்கித் தின்னுதே, அந்தப் பாசியும் பூச்சியும்தான் இறக்கையில செவப்பா ஏறுது. என் கதாநாயகி இருபது வருஷம் புகுந்த வீட்டுல என்னத்தைத் தின்னா? ஏச்சும் பேச்சும்தானே? அதெல்லாம் அவகிட்ட ஒரு நிறமா வந்து நின்னுச்சுன்னு சொல்ல எனக்கு வேற எந்தப் பறவை இருக்கு?"

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் பென்சிலைச் சீவினாள்.

"வாசகருக்கு இதெல்லாம் தோணுமா? அழகுக்கு ஒரு பறவைன்னு தாண்டிப் போயிடுவாங்க. சரி, தலையை ஏன் கவுத்துப் போட்டு மேயுது?"

"கவுத்தாத்தான் அதோட அலகு வேலை செய்யும்! இவளும் மாமியார் முன்னாடி குனிஞ்ச தலை நிமிரலை. ஊரே பணிவுன்னு நினைச்சுச்சு. அவ அங்கே குனிஞ்சபடியே தனக்கு வேண்டியதைச் சேர்த்துக்கிட்டிருந்தா."

"ஒத்தக் கால்ல நிக்கறது?"

"ஒரு கால்தான் அந்த வீட்டுல. இன்னொண்ணை மடிச்சு வச்சிருக்கா. என்னைக்கு வேணும்னாலும் கிளம்பலாம்ல?"

"நீங்களும் இப்ப அப்படித்தான் நிக்கறீங்க."

"ஆமா, நிக்கறேன்! என்ன பண்ணுவே?"

அவள் கிளற, அவர் கொட்ட, ஒரு மணி நேரம் ஓடியது. பட்டிமன்றத்தில்கூட யாரும் இவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள். தொண்டை கட்டிப்போய்த்தான் உட்கார்ந்தார்.

"இதை எங்கே பார்த்தீங்க?" என்று கடைசியாகக் கேட்டாள்.

அவர் குரல் இறங்கியது. "உங்க அத்தையோட பஸ்ல போறப்ப. உப்பளம் ஓரமா கூட்டமா நின்னுச்சு. கல்யாணமாகி அன்னிவரைக்கும் அக்கா தன் வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்னிக்கு அதையே பார்த்துட்டு, 'சேத்துலயே நிக்குது, இதுக்கு மட்டும் எப்படிடா இந்த நிறம்?'னு கேட்டா. எனக்குப் பதில் தெரியலை. தெரிஞ்சு எழுத முப்பது வருஷம் ஆச்சு. அதுக்குள்ள அக்காவும் போய்ச் சேர்ந்துட்டா."

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"பறவை இருக்கட்டும், சித்தப்பா."

"ஐயான்னு சொல்லு!" என்றார். வழக்கை ஜெயித்த வக்கீலின் மிடுக்கோடு படியிறங்கிப் போனார்.

செருப்புச் சத்தம் ஓய்ந்ததும், பலகைத் தடுப்புக்கு மேலே பக்கம் வடிவமைக்கும் பெண்ணின் தலை எழும்பியது.

"மேடம், அவர் சொன்னது அத்தனையும் டைப் அடிச்சிட்டேன். விரல் விட்டுப்போச்சு. நீங்க காலியா விட்டிருந்த எட்டுப் பக்கமும் ரொம்பிடுச்சு. பதினோரு புத்தகத்துக்கும் 'கதையே பேசும், நான் எதுக்குப் பேசணும்'னு கையை விரிச்சவரா இவர்?"

"என் கேள்வியை எல்லாம் எடுத்துட்டு, மேலே 'ஆசிரியர் முன்னுரை'ன்னு போடு. காலையில பிழை பார்க்கக் குடுத்தா நாலு திட்டு திட்டிட்டு அவரே கையெழுத்துப் போடுவார்" என்றவள், தேநீரில் நனைந்த பன்னிரண்டாம் அத்தியாயத்தைப் புடவைத் தலைப்பால் ஒற்றி எடுத்தாள். "இதைப் படிச்சு நான் மூணு தடவை அழுததை மட்டும் அவர்கிட்ட சொல்லித் தொலைச்சிடாதே!"