தங்கத்தாள் பாட்டில்

"கேன்ல இருந்தா கழுதை, கண்ணாடி பாட்டில்ல வந்தா குதிரை. இவ்வளவுதான்டா வியாபாரம்!" என்றபடி அச்சுக்காரர் புனலை எடுத்து பாட்டிலின் வாயில் செருகினார்.

அச்சகத்தை மூடி ஒரு வருஷம் ஆகியும் தெருவுக்கு அவர் அச்சுக்காரர்தான். பெரிய சிரப் கம்பெனி ஒன்றுக்குப் பத்து வருஷமாக லேபிள் அடித்துக் கொடுத்தவர். ஓட்டல்களுக்குப் போகும் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனுக்கு ஒரு லேபிள், பகட்டான கடைகளுக்குப் போகும் கண்ணாடி பாட்டிலுக்கு இன்னொன்று. பிழை திருத்தும்போது ஒருநாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சர்க்கரை, தண்ணீர், நிறம், மணம், போனால் போகிறதென்று கடைசியில் அரை சதவீதம் மாதுளைச் சாறு. ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை. லிட்டர் கணக்கில் விலை மட்டும் பாட்டிலுக்கு ஐந்து மடங்கு.

"அடப்பாவிகளா, பகல் கொள்ளை!" என்று அன்றைக்கு வாய்விட்டே திட்டினார். அச்சகம் மூடியதும் அந்தக் கொள்ளையில் தானும் ஒரு கை பார்ப்பது என்று முடிவு செய்தார்.

வீட்டின் பின்னறைதான் தொழிற்சாலை. மொத்தக் கடையில் வாங்கிய ஓட்டல் கேன். காயலான் கடையில் எடைக்கு எடுத்த காலி பாட்டில்கள். மனைவி வெந்நீரில் கழுவித் தருவாள். அச்சுக்காரர் ஊற்றி, விற்காமல் வைத்திருந்த பழைய அச்சு மெஷினில் தானே அடித்த லேபிளை ஒட்டுவார். மனைவியின் தம்பி மூடி போட்டு, கழுத்தைச் சுற்றித் தங்கநிறத் தாளை ஒட்டி, சின்ன வண்டியில் கடைகளுக்குக் கொண்டுபோவான்.

"ஏங்க, இதெல்லாம் நமக்கு வேண்டாங்க" என்றாள் மனைவி. "பொண்ணு இப்பதான் டீச்சர் வேலையில சேர்ந்திருக்கா. அப்பன் போலி சரக்கு கேஸ்ல உள்ள போனான்னு தெரிஞ்சா அவ எப்படிங்க வகுப்புக்குள்ள தலை நிமிர்ந்து நிப்பா?"

"எப்படிடி பிடிப்பான்? உள்ள இருக்கிறது அவன் சரக்கு! நாக்குல விட்டாலும் அவன் சரக்கு, லேபுக்கு அனுப்பினாலும் அவன் சரக்கு. லேபிள் மட்டும்தான் என்னோடது. அதையும் பத்து வருஷம் அடிச்சவன் நான்தானே?"

"ஒரு ஒரிஜினல் பாட்டில் வாங்கிப் பக்கத்துல வச்சுப் பார்த்துக்கலாமா மாமா?" என்று கேட்டான் மச்சான்.

"சர்க்கரைத் தண்ணிக்கு அஞ்சு மடங்கு காசு கொடுக்க நான் என்ன இளிச்சவாயனா? அதுக்குத்தான் ஊர்ல ஆயிரம் பேர் இருக்கானே!"

மச்சான் தலையைச் சொறிந்தான். "அப்ப இன்னொண்ணு மாமா. தங்கத்தாளுக்குள்ள எவன் எட்டிப் பார்க்கப் போறான்? கொஞ்சம் கொஞ்சம் குறைச்சு ஊத்தினா, சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பாட்டில் மிச்சமாகுமே?"

அச்சுக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பேராசை பெருநஷ்டம்டா! திருட்டுத் தொழிலுக்குத்தான் ஒழுக்கம் ரொம்ப முக்கியம். எவனாவது வேலையத்தவன் அளந்து பார்த்தா நம்ம கதி என்ன ஆகும்? மூடியில பிசிறு கூடாது, லேபிள்ல சுருக்கம் கூடாது, அளவுல சொட்டு குறையக் கூடாது. போ, ஜாடியை எடு."

கோடு போட்ட ஜாடியில் அளந்துதான் ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஊற்றினார்கள்.

மூன்று மாதம் தொழில் அமோகமாக நடந்தது. நாலாவது மாதம், மச்சான் காலி வண்டியோடு வீட்டுக்குள் நுழைந்த அடுத்த நிமிஷம், பின்னாலேயே இன்ஸ்பெக்டர் நுழைந்தார். கூடவே, மடிப்புக் கலையாத சட்டையில் கம்பெனி அதிகாரி.

புனலும் கையுமாக நின்ற அச்சுக்காரர் புனலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மனைவி, "நான் அப்பவே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!" என்று சுவரோரம் சரிந்து உட்கார்ந்து அழுதாள்.

"எவன்கிட்டடா உளறித் தொலைச்ச?" என்று மச்சான் மேல் பாய்ந்தார் அச்சுக்காரர்.

"சத்தியமா இல்ல மாமா! பொண்டாட்டிகிட்டகூட சொல்லல!"

"சண்டையை ஸ்டேஷன்ல வச்சுக்குங்க" என்ற இன்ஸ்பெக்டர், பெட்டிகளை மச்சான் தலையில் ஏற்றி ஜீப்புக்கு நடத்திப்போனார். கம்பெனி அதிகாரி மட்டும் அறையில் நின்று, ஒரு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அச்சுக்காரருக்கு ஜெயிலைவிட, எப்படி மாட்டினோம் என்ற கேள்விதான் பெரிதாக அரித்தது.

"சார், உள்ள போறது போகட்டும். எது சார் என்னைக் காட்டிக் கொடுத்துச்சு? லேபிளா?"

"லேபிளா? எங்களோடதைவிட நல்லா இருக்குய்யா."

"மூடியா?"

"மூடியும் சுத்தம்."

"அப்ப சிரப்பா? அது உங்க சிரப்பே சார்!"

"அது எனக்குத் தெரியாதா?" அதிகாரி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு அம்மா எங்களுக்குக் கடிதம் போட்டிருந்தாங்க. வாங்குற பாட்டிலை எல்லாம் வீட்டுல அளந்து பார்க்கிற ஆளு. இதுக்கு முன்னாடி உறை மேல 'புகார்'னு போட்டு இருபது கடிதம் எழுதியிருக்காங்க, ஒண்ணையும் நாங்க பிரிக்கவே இல்ல. இந்தத் தடவை உறை மேலயே 'நன்றி'ன்னு எழுதியிருந்துச்சு. அதனால பிரிச்சோம். வாங்கின கடை பேரும் உள்ள இருந்துச்சு."

"எதுக்கு நன்றி?"

"லேபிள்ல போட்டிருக்கிற எழுநூறு மில்லியும் முழுசா இருந்துச்சாம்."

"அளந்துதானே சார் ஊத்தினேன்!"

"படிச்ச உடனே எங்க முதலாளி எந்திரிச்சே நின்னுட்டார்யா, 'இது நம்ம சரக்கே இல்ல, போலீஸைக் கூப்பிடு'ன்னு!"