எல்லாரும் வந்தாச்சா

கணவன் தசரதன் சுரங்கத்தில் இறங்கி மேலே வராமல் போன நாளிலிருந்து பார்வதம்மா அந்தச் சுரங்க ஊரான ஊரிகத்தை விட்டு எங்கேயும் போனதில்லை. உடல்கூடக் கிடைக்காதவருக்காக அம்மா காத்திருந்தது போதும் என்றுதான் ரவிகுமார் அவளைக் கொச்சிக்கு அழைத்து வந்திருந்தான்.

"காலையில பஸ்ஸு, அப்புறம் மெட்ரோ, இப்ப போட்டு. லீவுக்கு வந்தியா, ஷிப்டுக்கு வந்தியாடா?" என்று படகில் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று.

ஃபோர்ட் கொச்சியில் கடைசியாக இறங்கியவர்கள் அவர்கள்தான். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்ததும் சுரங்கத்தில் கேட்கிற கேள்வியை, எந்த வண்டியிலிருந்து இறங்கினாலும் கேட்பது அந்த வீட்டு வழக்கம்.

"எல்லாரும் மேல வந்தாச்சா?" என்றான் ரவிகுமார்.

"நா இன்னும் வரலயேப்பா" என்றது காலிப் படகிலிருந்து ஒரு குரல்.

பார்வதம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி படகில் ஏறினாள்.

"இன்னாம்மா பண்ற? வாம்மா!"

"நீ ரூமுக்குப் போ. அப்பாவக் கூட்டிக்கினு வரேன்."

படகு கிளம்பியது. ஜன்னலோரத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்தவள், அந்தக் காலி இடத்தின் பக்கம் திரும்பி, முந்தானையால் யாருக்கோ முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.