அவள் காதில் விழக்கூடாது

“யாருங்க போன்ல?” என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

“ராங் நம்பர்” என்றார் அவர், போனைச் சட்டைப் பையில் போட்டபடி.

“ராங் நம்பர்கிட்டயா இவ்வளவு நேரம் ‘சரிப்பா, சரிப்பா’ன்னீங்க?”

“யாரோ சின்னப் பையன். பாவம், அதான் தன்மையா பேசினேன்.”

பேசியது அவர்களுடைய மகன்தான். கம்பெனியில் ஆட்களைக் குறைக்கிறார்களாம், இவன் பெயரும் அடிபடுகிறதாம். “அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா” என்று அவன் கேட்டுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. அம்மாவிடம் எதையும் சொல்லக்கூடாது என்பதுதான் இப்போது அந்த வீட்டின் சட்டம்.

அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். நாள் முழுக்கத் தப்பையே தேடும் கண், வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. அச்சகத்தில் அவருக்குக் ‘கேள்விக்குறி’ என்றே பெயர். மகன் போன் செய்தால் என்ன ஆச்சோ, செய்யாவிட்டால் என்ன ஆச்சோ. தொண்டை கரகரத்தால் அது எதில் கொண்டுபோய் விடுமோ. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து மனைவியின் தலையில் கொட்டுவார். “ஒண்ணும் ஆகாது, சாப்பிடுங்க” என்பாள் அவள். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

அதெல்லாம் போன கோடையோடு சரி. அவள் நச்சரித்ததால் இரண்டு பேரும் டாக்டரம்மாவிடம் உடம்பைக் காட்டப் போனார்கள். முடிவு தெரிந்துகொள்ளப் போன அன்று மனைவி முதலில் உள்ளே போய் வந்தாள். அப்புறம் அவரை மட்டும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார் டாக்டரம்மா.

“உங்க மனைவிக்கு இதயம் கொஞ்சம் பலவீனமா இருக்கு. மருந்து சாப்பிட்டா சரியாயிடும். ஆனா எந்தக் கவலையும் அவங்க காதுல விழக்கூடாது. இந்த விஷயத்தையும் அவங்ககிட்ட பேசாதீங்க.”

அன்றைக்கு அவர் வாயில் விழுந்தது பூட்டு.

சொல்லாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமா? குழாய் ஒழுகினால் புலம்ப வழியில்லை, ஆளைக் கூட்டிவந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. இருமல் வந்தால் வெந்நீர் குடித்துவிட்டுப் பேசாமல் படுக்க வேண்டியிருந்தது. மகன் போனை எடுக்காவிட்டால், “வேலையா இருப்பான், விடு” என்று அவரே முந்திக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது. முக்கால்வாசி நாள் அவன் வேலையாகத்தான் இருந்தான்.

அவளோ எதுவும் தெரியாதவளாக வளைய வந்தாள். “எனக்கு உப்பைக் குறைக்கச் சொல்லிட்டாங்க. ஒரு வீட்டுல ரெண்டு சமையலா பண்ண முடியும்? நீங்களும் இதையே சாப்பிடுங்க” என்றாள். “சாயங்காலம் நடக்கணுமாம். தனியா போனா நாய் துரத்துது, துணைக்கு வாங்க” என்று இழுத்துக்கொண்டு போனாள். கண் கெடுகிற வேலை என்று அவருக்கும் சத்து மாத்திரை வாங்கி வைத்துத் தினமும் கையில் கொடுத்தாள்.

பகலெல்லாம் பிழை திருத்தி, சாயங்காலமெல்லாம் சிரித்த முகம் காட்டி, மனிதர் ஓய்ந்துபோனார். இப்போது மகன் விஷயம் வேறு. மறுநாள் அச்சகத்திலிருந்து நேராக டாக்டரம்மாவின் மாடிப்படி ஏறினார்.

“முடியல டாக்டரம்மா. இந்த வயசுல என்னை நாடகக்காரனா ஆக்கிட்டீங்க. இப்போ பையன் வேலை வேற போயிடும்போல இருக்கு. எல்லாத்தையும் ஒருத்தனே எத்தனை நாளைக்குச் சுமக்கிறது?”

“முதல்ல படுங்க, பார்க்கலாம்.”

“எனக்கு எதுக்கு? அவளைப் பத்திச் சொல்லுங்க.”

“வந்தது வந்தீங்க, பார்த்துடலாமே” என்று நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார் டாக்டரம்மா. “தூக்கம் எப்படி?”

“படுத்தா விடியறதுதான் தெரியுது. அவ்வளவு அசதி.”

“முன்னெல்லாம் பாதி ராத்திரியில எழுந்து உட்கார்ந்துக்குவீங்களாமே?”

“அது அப்போ.”

“பையன் விஷயத்துல என்ன செய்யப்போறீங்க?”

“லீவு போட்டு நேர்ல போய்ப் பார்த்துட்டு வரணும். வேலைதானே, போனாப் போகட்டும். படிச்சிருக்கான், கைகால் நல்லா இருக்கு. வேற கிடைக்காமயா போயிடும்?”

சொல்லி முடித்தபிறகுதான், பேசியது தன் வாயா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க டாக்டரம்மா. இதை மட்டுமாவது அவகிட்ட சொல்லி, கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காரணும்போல இருக்கு. அவ இதயம் தாங்குமா?”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“தாராளமா தாங்கும். இன்னிக்குப் பார்த்ததுல உங்களுக்கு நல்லாவே தேறியிருக்கு. அதனால இனி நான் மறைக்க வேண்டியதில்ல. அவங்க இதயத்துக்கு என்னிக்குமே எந்தக் குறையும் இருந்ததில்ல.”

அவர் புரியாமல் பார்த்தார்.

“பலவீனம் உங்களோடதுதான். ‘இதை அவர்கிட்ட சொன்னா அந்தக் கவலையிலேயே போயிடுவாரு டாக்டர். எனக்குன்னு சொல்லுங்க, எனக்காகன்னா கவலைப்படறதையே விட்டுடுவாரு’ன்னு உங்க மனைவிதான் அன்னிக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க.”