குளிரோடை மீனின் நெஞ்சு

அன்று வெயிலா தூறலா என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம்தான். கிணற்றடியில் என் தங்கை பரிமளா மீன் அறுக்கிறாள். மேற்படிப்புக்கு லடாக் போகவேண்டும் என்கிறாள். மாமா முனிரத்தினம் விடமாட்டேன் என்கிறார். "அந்தக் குளிர்ல நெஞ்சு சுருங்கிப் பூடும், கய்தே!" "சுருங்குதான்னு நீயே பாரு மாமா." அவளுடைய இடது உள்ளங்கையில் எங்கள் உத்திரமேரூர் ஏரி விராலின் இதயம். வலதில், ஊட்டியிலிருந்து ஐஸ் பெட்டியில் அவள் கொண்டுவந்த குளிரோடை மீனின் இதயம். இரண்டு மீனும் ஒரே எடை. ஆனால் ஊட்டி மீனுடையதே பெரிதாக, முக்கோணமாக மினுங்குகிறது. "குளிர்ல ரத்தம் கெட்டியாவும். அத்தத் தள்ளணும்னு நெஞ்சு வளந்துக்கினு போவும், மாமா." நீட்டிய கைகளை அவள் மடக்கவில்லை. ரத்தம் சிமெண்டில் சொட்டுகிறது. மாமா குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறார். இரண்டு மீனும் அன்றே ஒரே குழம்பில் கொதித்தன. இப்போது பரிமளா லடாக்கில் படிக்கிறாள். மாமா தினமும் அங்கே எத்தனை டிகிரி என்று கேட்கிறார். நான் உத்திரமேரூரிலேயே இருக்கிறேன்.